கழுகைக் கொன்ற ஊசி

மும்பை மலபார் குன்றிலுள்ள பார்சி மக்களின் மௌன கோபுரங்களுக்குக் கழுகுகள் வருவது நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. இறந்தோர் உடலைக் கழுகுகளிடம் ஒப்படைப்பது அம்மக்களின் தொன்றுதொட்ட வழக்கம். கழுகு இல்லாமற்போகவே, சூரிய வெப்பத்தைக் குவிக்கும் கருவிகளை அங்கே பொருத்த வேண்டியதாயிற்று.

இது ஒரு சமூகத்தாரின் சங்கடம் மட்டுமல்ல. 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுக் கழுகு ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துவிட்டது. ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில் கழுகுகள் கழுத்தைத் தொங்கப் போட்டபடி கிளையில் உட்கார்ந்திருந்து செத்து விழுவதை 1990-களில் கவனித்துச் சொன்னவர், மும்பை இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் விபு பிரகாஷ். தொற்று நோயோ என்று தேடினார்கள்; பூச்சிமருந்தோ என்றும் தேடினார்கள். 2004-ல் பாகிஸ்தானில் நடந்த ஆராய்ச்சிதான் குற்றவாளியைக் காட்டிக் கொடுத்தது. அது டைக்ளோஃபெனாக், மூட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் மனிதர் சாப்பிடும் அதே மருந்து.

மாட்டுக்கு வலியோ காய்ச்சலோ கண்டால் இந்த ஊசியைப் போடுவது வழக்கமாயிருந்தது. போட்ட ஓரிரு நாளில் மாடு செத்தால் மருந்து அதன் உடலில் தங்கியிருக்கும். அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் பழுதாகும். பறவைகள் உடற்கழிவை யூரிக் அமிலமாக வெளியேற்றுபவை; எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது அதுதான். சிறுநீரகம் வேலை செய்யாவிட்டால் அந்த அமிலம் ரத்தத்தில் ஏறி, இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் சுண்ணாம்பு பூசினாற்போல் படிந்துவிடும். இரண்டொரு நாளில் கதை முடியும். ஒரு மாட்டைச் சுற்றிக் கூட்டமே உட்கார்ந்து தின்னும். ஆகவே, செத்த மாடுகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் மருந்து இருந்தாலே இந்த அழிவுக்குப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் பறவை இந்த நஷ்டத்தை எங்ஙனம் ஈடுகட்டும்?

கழுகு தின்னாததை நாய் தின்னும்; நாய் பெருகும், வெறிநோயும் கூடும், தண்ணீரும் கெடும். 2000 முதல் 2005 வரை இதனால் ஏறத்தாழ ஐந்து லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்திருப்பர் என 2024-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது.

2006-ல் மத்திய அரசு கால்நடைக்கு இம்மருந்தைத் தடை செய்தது. கழுகுக்குக் கேடு செய்யாத மெலாக்சிகம் அப்போதே இருந்தது. ஆயினும் மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. 3 மில்லிக்கு மேற்பட்ட ஊசிமருந்துக் குப்பி கூடாதென உத்தரவிட 2015 வரை ஆயிற்று. மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறும் அசிக்ளோஃபெனாக்கையும், கீட்டோபுரோஃபெனையும் தடுக்க 2023 வரை ஆயிற்று! ஃபைல் நகரும் வேகம் குமாஸ்தாக்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் கழுகுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு நாள்.

திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் அமுதுண்ண வந்த கழுகுகளும் இப்போது வருவதில்லை. தமிழ்நாட்டில் நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் ஓரளவு எஞ்சியுள்ளன. அரியானாவின் பிஞ்சோரில் கூண்டில் வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்கிறார்கள்; அவற்றை வெளியே விட்டால் பிழைக்க வேண்டுமே!

மருந்துக் கடைகளில் சோதனை நடத்தித் தடையை அமல் செய்வது மாநில அரசுகளின் கடமை. மாட்டுக்கான எந்த வலி மருந்தையும், கழுகுக்கு ஆகுமா என்று பார்த்த பின்பே சந்தைக்கு விட வேண்டும். லீவில் ஊருக்குப் போகும் தமிழர்கள், வீட்டில் மாடு இருந்தால் மெலாக்சிகம் ஊசியையே கேட்கச் சொல்லலாம். வேறு வலி ஊசி போட்டபின் மாடு இறந்துவிட்டால், அதை வெட்டவெளியில் போடாமல் புதைத்துவிடச் சொல்லலாம்.