அப்பா பெயரா, அம்மா பெயரா? குழந்தையிடமே கேட்கச் சொன்ன பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம்!

நம்ம ஊரில் பெயருக்கு முன்னால் இன்ஷியல். பிலிப்பைன்ஸில் பெயருக்குப் பின்னால் இரண்டு குடும்பப் பெயர்கள்: நடுவில் அம்மாவுடையது, கடைசியில் அப்பாவுடையது.

பெற்றோர் திருமணம் செய்துகொள்ளவில்லை என்றால்? 1988-ல் அமலுக்கு வந்த குடும்பச் சட்டத்தின் 176-வது பிரிவுப்படி, குழந்தைக்கு அம்மாவின் குடும்பப் பெயர் மட்டும்தான். நடுப்பெயர் கிடையாது. விண்ணப்பப் படிவத்தில் காலியாக நிற்கும் அந்தக் கட்டமே பிறப்பைச் சொல்லிவிடும்.

இது யாரோ சிலரின் பிரச்சினை இல்லை. அண்மை ஆண்டுகளில் அங்கு பிறந்த குழந்தைகளில் பாதிக்கும் மேல் இப்படிப் பிறந்தவர்கள்தான். முஸ்லிம்களுக்கான தனிச் சட்டத்தைத் தவிர, அந்நாட்டில் விவாகரத்துக்கு வழியில்லை. மனைவியைப் பிரிந்தவர் இன்னொருவருடன் எத்தனை வருஷம் குடும்பம் நடத்தினாலும், பழைய திருமணம் செல்லாது என்று கோர்ட் சொல்லாதவரை மறுமணம் செய்ய முடியாது.

2004-ல் சட்டம் திருத்தப்பட்டது. பிறப்புப் பதிவிலோ, தன் கைப்பட எழுதிய ஆவணத்திலோ அப்பா 'இது என் பிள்ளை' என்று ஒப்புக்கொண்டால், குழந்தை அவர் பெயரைப் பயன்படுத்தலாம்.

சிக்கல் அங்கேதான் வந்தது. ஏற்கெனவே திருமணமான ஒருவருக்கு வேறொரு பெண்ணிடம் இரண்டு பிள்ளைகள். 2007-ல் அந்தப் பெண் பிள்ளைகளோடு அமெரிக்கா போய்விட்டார். 'பிள்ளைகளை நான் ஏற்கிறேன். என் பெயரை வையுங்கள், என்னிடம் கொடுங்கள்' என்று அப்பா கோர்ட்டுக்குப் போனார். குழந்தைக்காக வந்த சட்டம், அப்பாவின் பிடியாக மாறியது! மேல்முறையீட்டு நீதிமன்றம் பிள்ளைகளை அம்மாவிடம் விட்டது. ஆனால் பெயரை மாற்றச் சொன்னது.

2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சட்டத்தில் இருப்பது 'பயன்படுத்தலாம்', 'பயன்படுத்த வேண்டும்' அல்ல என்றது. கட்டாயம் என்று எழுதியிருந்த விதிகளையும் ரத்து செய்து, எந்தப் பெயர் வேண்டும் என்று பிள்ளைகளிடமே கேட்கும்படி வழக்கைக் கீழ்க் கோர்ட்டுக்கு அனுப்பியது.

2016 முதல் விதி இதுதான்: அப்பா பெயர் வேண்டுமென்றால், 6 வயது வரை அம்மா கையெழுத்திட வேண்டும். 7 முதல் 17 வரை அம்மாவின் உறுதிமொழியோடு பிள்ளையே கையெழுத்திடலாம். 18 ஆனால் தனக்குத் தானே முடிவு.

எந்தப் பெயர் வைத்தாலும் வளர்க்கும் உரிமை அம்மாவிடமே இருக்கும். சொத்துதான் இன்னும் இடிக்கிறது: திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குச் சட்டப்படி சேர வேண்டிய பங்கில் பாதிதான் இவர்களுக்கு.