கொக்கியை எடுக்கும் கையே மீட்டரையும் மாட்டட்டும்

தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத் தலைவர் அவர்களுக்கு,

கூடலூர் மலைச்சரிவிலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு மேலே ஒரு வீடு. அங்கே எரியும் ஒற்றை பல்புக்குப் பக்கத்து வீட்டு மீட்டரிலிருந்துதான் கரண்ட். தேயிலைச் செடிகளுக்கு மேலே, சில்வர் ஓக் மரத்தில் கட்டி ஒயரை இழுத்திருக்கிறார்கள். ஒட்டுப்போட்ட இடத்தில் பிளாஸ்டிக் பை சுற்றியிருக்கிறது. ஆடிக் காற்றில் அந்த ஒயர் ஆடும்போதெல்லாம், கீழே கொழுந்து பறிக்கும் பெண்கள் நிமிர்ந்து பார்த்துக்கொள்கிறார்கள்.

சட்டப்படி இது தவறு. ஆனால், அந்தக் குடும்பம் மீட்டர் கேட்டு மனு கொடுத்த குடும்பம். நிலம் ‘செக்‌ஷன் 17’ என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1969-ம் ஆண்டின் கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தில் 17-வது பிரிவின் கீழ், உரிமை முடிவாகாமல் கிடக்கும் நிலம் அது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் உட்பட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இத்தகைய நிலங்களில் வாழ்கின்றன. வழக்கு முடியும்வரை பிள்ளைகள் இருட்டில் படிக்க வேண்டுமா?

2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43-வது பிரிவு, உரிமையாளர் கேட்டாலும் குடியிருப்பவர் கேட்டாலும் இணைப்புத் தரச் சொல்கிறது. மின்சாரம் அடிப்படை வசதி, வீட்டு உரிமையாளரின் தடையில்லாச் சான்று இல்லையென்று அதை மறுக்கக் கூடாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது.

கட்டணப் பாக்கியும் இப்படித்தான் சேர்கிறது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது ஓர் இணைப்புக்குத்தான். மூன்று வீடு ஒரே மீட்டரில் ஓடினால் மூவருக்கும் சேர்த்தே அந்த 100. மிச்சமெல்லாம் மேல் அடுக்குக் கட்டணம். பங்கு பிரிப்பதில் மனத்தாங்கல் வரும். ஒருவர் தரத் தவறினால் ஃபியூஸைப் பிடுங்குவார்கள்; மூன்று வீடும் இருண்டுபோகும். அடுத்து, மின்சாரம் திருடக் கம்பத்தில் கொக்கி விழும்.

இதற்குத் தீர்வு உண்டு. வடக்கு தில்லியில் 2002-ல், திருட்டும் பாக்கியும் உட்பட 53 சதவீதமாக இருந்த மின் இழப்பு, பின்னர் 10 சதவீதத்துக்கும் கீழே வந்தது. சோதனையும் வழக்கும் மட்டும் அதைச் செய்யவில்லை. குடிசைப் பகுதிகளுக்கு முறையான இணைப்பு கொடுத்தார்கள். அங்குள்ள பெண்களையே துணைக்கு அழைத்தார்கள்.

மின்வேலிக்கு மின்சாரம் திருடுபவர்களிடம் இரக்கம் வேண்டாம். 2023 மார்ச்சில் தருமபுரி மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் மூன்று பெண் யானைகள் மாண்டன. இரண்டு குட்டிகள் தாயின்றித் தவித்தன. அந்தக் குற்றத்தையும் இந்த ஒற்றை பல்பையும் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள்.

நான் கேட்பது மூன்று. ‘இது நில உரிமைக்கு ஆதாரமாகாது’ என்று மீட்டர் அட்டையில் அச்சடித்தாவது, குடியிருக்கும் வீடு ஒவ்வொன்றுக்கும் மீட்டர் கொடுங்கள். பழைய பாக்கியைத் தவணையில் கட்டவிடுங்கள். கொக்கி போட முடியாதபடி, யானை வழித்தடங்களில் உறையிட்ட கேபிளை இழுங்கள்.

1932-லேயே பைக்காரா நீரில் மின்சாரம் எடுத்துச் சமவெளிக்கு அனுப்பிய மலை இது. அடுத்த ஆடிக்குள் உங்கள் லைன்மேன் வந்து, அந்த வீட்டில் மீட்டரை மாட்டிவிட்டு, சில்வர் ஓக்கில் கட்டிய ஒயரை அவிழ்க்கட்டும். முதல் பில்லை அவர்கள் முழுதாகக் கட்டுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு மின் நுகர்வோர்,
கூடலூர், நீலகிரி.