வீசிங் நின்றுவிட்டால் ஆஸ்துமா அடங்கிவிட்டதா? மூச்சுக்குழாய்த் திசு சொல்லும் பதில்

‘வீசிங் வந்தா மட்டும் இன்ஹேலர் அடிச்சுக்குவேன். மத்த நாள் நல்லாத்தானே இருக்கேன்?’ ஆஸ்துமா உள்ள பலர் சொல்வது இதுதான். மூச்சு சீராக வந்தால் நோயும் அடங்கிவிட்டது என்ற நம்பிக்கை. ஆனால், மூச்சுக்குழாயின் உள்சுவரில் இருந்து துளியூண்டு சதையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது கிடைத்த பதில் வேறு.

குழாய் சுருங்குவது மட்டும்தான் பிரச்சினையா?

நீண்ட காலம் ஆஸ்துமா என்றால் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுவது என்றே முக்கியமாகப் பார்க்கப்பட்டது. அதனால் தசையைத் தளர்த்தும் மருந்தே பிரதான சிகிச்சையாக இருந்தது. ஆஸ்துமாவால் இறந்தவர்களின் உடற்கூறாய்வில் குழாய்ச் சுவர் வீங்கியிருப்பதும், கெட்டிச் சளி அடைத்திருப்பதும் தெரிந்தன. அது நோய் முற்றியவர்களின் நிலைமை. லேசான ஆஸ்துமாவோடு நடமாடுபவர்களின் மூச்சுக்குழாய்க்குள் என்ன நடக்கிறது?

அதைப் பார்க்க வழி திறந்தது 1960களில் ஜப்பானிய மருத்துவர் ஷிகெடோ இகேடா உருவாக்கிய, வளையும் பிராங்கோஸ்கோப். 1985இல் ஃபின்லாந்தைச் சேர்ந்த லைடினன் குழுவினர் ஆஸ்துமா நோயாளிகளின் திசு மாதிரிகளை ஆராய்ந்தனர். லேசான பாதிப்பு உள்ளவர்களுக்கும் மூச்சுக்குழாயின் உள்படலம் சிதைந்திருந்தது.

எப்படி எடுக்கிறார்கள்? எதை எண்ணுகிறார்கள்?

தொண்டையை மரத்துப்போகச் செய்து, மூக்கு அல்லது வாய் வழியாகக் கேமரா பொருத்திய மெல்லிய குழாயை நுழைக்கிறார்கள். அதன் உள்ளே செல்லும் சிறு இடுக்கி, ஓரிரு மில்லிமீட்டர் அளவு சதையைக் கிள்ளி எடுக்கும். அதை மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றி, ஒரு சதுர மில்லிமீட்டரில் எத்தனை அழற்சி அணுக்கள் இருக்கின்றன என்று எண்ணுகிறார்கள். படலம் உரிந்திருக்கிறதா, அதன் அடியில் உள்ள அடுக்கு தடித்திருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள்.

முக்கியமாகத் தேடப்படுவது ஈசினோஃபில் என்ற வெள்ளை அணு. நம் ஊரில் ‘ஈஸ்னோபீலியா’ என்று பேசப்படுவது, இதே அணு ரத்தத்தில் கூடிப்போவதைத்தான்.

அளந்து பார்த்ததில் என்ன மாறியது?

1992இல் ஃபின்லாந்துக் குழு, புதிதாக ஆஸ்துமா கண்டறியப்பட்டவர்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு உறிஞ்சும் ஸ்டீராய்டு, இன்னொன்றுக்குத் தசையைத் தளர்த்தும் மருந்து. 3 மாதம் கழித்து மறுபடி திசு எடுத்ததில், ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு அழற்சி அணுக்கள் குறைந்து, சிதைந்த படலம் தேறியிருந்தது. மற்ற பிரிவில் அந்த அளவு முன்னேற்றம் இல்லை. சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டி அமைப்பான ஜினா, நிவாரண இன்ஹேலரை மட்டும் தனியாக நம்பியிருக்கும் சிகிச்சை வேண்டாம் என்று 2019இல் சொன்னதற்குப் பின்னால் இந்த அழற்சிக் கணக்கும் இருக்கிறது.

1999இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வில் இன்னொரு விஷயமும் வெளிப்பட்டது. கடுமையான ஆஸ்துமா உள்ள எல்லோரின் திசுவிலும் ஈசினோஃபில் இல்லை. பெயர் ஒன்றுதான், உள்ளே நடப்பது ஒன்றல்ல.

அப்படியானால் எல்லோருக்கும் பயாப்ஸியா?

இல்லை. ஏற்கெனவே எரிச்சலில் இருக்கும் குழாய்க்குள் கருவியை விட்டால் இழுப்பு வரலாம். எடுக்கிற துணுக்கும் பெரிய குழாய்களில் இருந்துதான் வரும், நுரையீரலின் கடைசி வரை நிலைமை அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் பயாப்ஸி பெரும்பாலும் ஆராய்ச்சியோடு நின்றுவிடுகிறது. நடைமுறையில் இருப்பவை 3 மாற்று வழிகள்.

• சளிப் பரிசோதனை: உப்பு நீராவியை இழுக்கவைத்து, இருமி வரும் சளியில் ஈசினோஃபில் விகிதம் பார்ப்பது. இங்கிலாந்தின் லெஸ்டரில் 74 பேரிடம் ஓராண்டு நடந்து, 2002இல் வெளியான ஆய்வில், இந்த எண்ணிக்கையைப் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைத்த பிரிவில் 35 கடும் தாக்குதல்கள்தான். வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 109.

• மூச்சுப் பரிசோதனை: வெளிவிடும் காற்றில் நைட்ரிக் ஆக்ஸைடு அளவைப் பார்க்கும் ஃபீனோ டெஸ்ட். சில நிமிட வேலை. ஆனால், புகைபிடிப்பவர்களுக்கு அளவு குறைத்துக் காட்டும்.

• ரத்தப் பரிசோதனை: எளிது, மலிவு. ஆனால், குடல் புழுக்கள் இருந்தாலும் ஈசினோஃபில் கூடும், ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தால் குறையும்.

ரத்தம் சொல்வதை அப்படியே நம்பலாமா?

ஈசினோஃபிலைக் குறைக்கும் மெபோலிசுமாப் என்ற ஊசி மருந்தை லேசான ஆஸ்துமா உள்ள 24 பேரிடம் சோதித்த ஆய்வு 2003இல் வெளியானது. ஊசி போட்டவர்களின் ரத்தத்தில் அந்த அணுக்கள் கிட்டத்தட்ட 100 சதவீதம் காலி. மூச்சுக்குழாய்த் திசுவில் குறைந்ததோ 55 சதவீதம்தான். ரத்த ரிப்போர்ட்டை மட்டும் பார்த்திருந்தால், வேலை முடிந்தது என்றே நினைக்கத் தோன்றியிருக்கும்.

தொடக்ககால ஆய்வுகளில் ஆளைப் பிரித்துப் பார்க்காமல் கொடுத்தபோது இந்த மருந்து பெரிதாகப் பலன் காட்டவில்லை. சளியில் ஈசினோஃபில் உள்ளவர்களை மட்டும் தேர்ந்தெடுத்த 2 ஆய்வுகள் 2009இல் வெளியாயின. அவற்றில் தாக்குதல்கள் குறைந்தன. 2015இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. மருந்து மாறவில்லை, யாருக்குக் கொடுப்பது என்ற அளவுகோல்தான் மாறியது. விலை அதிகமான இந்த ஊசிகளை யாருக்குப் போடுவது என்பதை இன்றைக்கும் இந்த எண்ணிக்கைகளை வைத்தே மருத்துவர்கள் தீர்மானிக்கிறார்கள்.

நோயாளிக்கு இதில் என்ன இருக்கிறது?

மூச்சு நன்றாக இருக்கும் நாளிலும் அழற்சி தொடரலாம். எனவே, தினசரி இன்ஹேலரைத் தானாக நிறுத்துவது ஆபத்து. குறைப்பதை மருத்துவர் சொல்லட்டும். முறையாக மருந்து எடுத்தும் அடிக்கடி இழுப்பு வந்தால், ‘எனக்கு எந்த வகை அழற்சி? ஈசினோஃபில், ஃபீனோ எவ்வளவு?’ என்று கேட்கலாம். ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், புகைப்பழக்கம் இருந்தால், டெஸ்டுக்கு முன்பே அதைச் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ரிப்போர்ட் நார்மல் என்று வரும், உள்ளே புண் அப்படியே இருக்கும்.