குக்கரும் ஊட்டி ரயிலும்

குக்கர் விசிலடித்தால், "ரயில் வந்திருச்சு!" என்று குழந்தைகள் கேலி செய்வதுண்டு. அது வெறும் கேலியல்ல, சகோதரிகளே! இரண்டுக்கும் மூதாதை ஒருவர்தான்.

டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-ல் லண்டனில், எலும்பும் குழையும்படி வேகவைக்கும் மூடிய பாத்திரம் ஒன்றைச் செய்து காட்டினார். அது வெடித்துவிடாமலிருக்க, ஆவி அளவு மீறினால் தூக்கிக்கொண்டு வழிவிடும் வால்வையும் வைத்தார். ஆவியைக் கொண்டு எந்திரத்தை அசைக்கலாம் என்று 1690-ல் எழுதியவரும் அவரே. 1712-ல் நியூகாமன் ஆவி எந்திரத்தால் சுரங்கத் தண்ணீரை இறைத்தார். ஜேம்ஸ் வாட் அதைத் திருத்தி 1769-ல் காப்புரிமை பெற்றார். பிறகு ரயில் வந்தது.

எங்க சத்தியமங்கலத்துக்கு அடுத்தாற்போல இருக்கிற மேட்டுப்பாளையத்திலிருந்து 1899-ல் குன்னூருக்கும், 1908-ல் ஊட்டிக்கும் மலை ரயில் போயிற்று. குன்னூர் ஏற்றத்தில் இன்றும் நீராவி எஞ்சின்தான் பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளுகிறது.

ஏன் இவ்வளவு பலம்? தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். அடைத்து வைத்தால் முட்டும். அந்த அழுத்தத்தில் குக்கருக்குள் சூடு 100 டிகிரியைத் தாண்டி 120 வரை போகும். கொள்ளுகூட சீக்கிரம் வெந்துவிடும். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், அங்கே குக்கர் இல்லாமல் பருப்பு வேக நேரமாகும்.

ரயிலைத் தள்ளும் அதே ஆவிதான் நம் அடுப்படியிலும் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. சில கவனங்கள்:

* மூடுமுன் வெயிட் உட்காரும் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பருப்பு நுரை அடைத்திருந்தால் ஊசியால் குத்தி, கழுவுங்கள்.
* பருப்பென்றால் பாதிப் பாத்திரத்துக்கு மேல் வேண்டாம்.
* சேஃப்டி வால்வு போய்விட்டால் அதே கம்பெனி வால்வையே போடுங்கள். ஆணி, போல்ட் வைத்து அடைப்பது ஆபத்து.
* ஆவி முழுக்க அடங்காமல் மூடியைத் திறக்காதீர்கள்.

ஆவி பட்டால் வெந்நீரைவிட மோசமாகச் சுடும். தோலில் பட்டுத் தண்ணீராகும்போது அடக்கி வைத்த சூட்டையெல்லாம் அங்கேயே இறக்கிவிடும். உடனே வளையலைக் கழற்றி, 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். இங்க், பேஸ்ட், நெய் எதுவும் தடவ வேண்டாம். முகத்தில் பட்டாலோ, பெரிதாகக் கொப்பளித்தாலோ, குழந்தைக்குப் பட்டாலோ டாக்டரிடம் போய்விடுங்கள்.

இன்றைக்குச் சாமான் கழுவும்போது குக்கர் மூடியை ஒரு தரம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்களேன்!