பதிமூன்று வயதுக்கு ஒரு கையெழுத்து

சென்ற முறை சாலைக்கிணறு பற்றி எழுதினேன். இந்த முறை விஷயம் வேறு. ஆனால் இதுவும் செவிலிமேட்டில், என் வீட்டுத் திண்ணையில்தான் தொடங்கியது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகன் நாலு பக்கத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். "அப்பா, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. கையெழுத்துப் போடணும்" என்றான். முப்பத்து நாலு வருடம் அரசாங்க ஆபீசில் எழுத்தராக இருந்தவனுக்கு வீட்டில் கிடைக்கும் மரியாதை இது ஒன்றுதான். எந்தத் தாள் வந்தாலும் முதலில் என் மேஜைக்கு வரும்.

படித்தேன். பேரனுக்கு மோட்டார் சைக்கிள் பந்தயப் பயிற்சி. வயது 13. காயம் பட்டாலோ உயிர் போனாலோ யாரையும் பொறுப்பாக்க மாட்டேன் என்று தகப்பன் எழுதிக் கொடுக்க வேண்டும். பேனாவை மூடி வைத்துவிட்டு, "பத்து நாள் டைம் கொடு" என்றேன். கோப்பை நிறுத்தி வைப்பது எங்கள் பழைய வழக்கம்.

எனக்கு இந்தப் பந்தயம் புதிதல்ல. புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தபோது, எங்கள் வாத்தியார் வீட்டுக்கு 'மோட்டோ ரெவ்யூ' என்ற பத்திரிகை கப்பலில் வரும். பாடம் சரியாக ஒப்பித்தவனுக்குத்தான் அதைப் புரட்டிப் பார்க்க அனுமதி. வேலைக்கு வந்த பிறகு, ஆபீஸ் நண்பரோடு சோழவரம் போயிருக்கிறேன். யுத்த காலத்து விமான ஓடுதளத்தில்தான் அப்போது பந்தயம். சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கியது. அவர்கள் 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் கட்டியதும், பந்தயம் நம் காஞ்சிபுரத்துப் பக்கமே வந்துவிட்டது. சென்னையைச் சேர்ந்த சரத்குமார் என்ற வீரர் 2011-இல் உலகப் போட்டியில் 125 சிசி பிரிவில் ஓட்டினார். நம் பிள்ளைகளால் முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பந்தயத்தில் பிரிவுகள் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நம் ஆபீஸ் பதவி உயர்வு மாதிரிதான். இளநிலை உதவியாளர், உதவியாளர், துணை வட்டாட்சியர் என்று படி இருக்கிறதல்லவா? அங்கே சிசிதான் படி. நம் தேசியப் போட்டியில் புதியவர்களுக்கு 165 சிசி 'நோவிஸ்' பிரிவு இருக்கிறது. தேறியவர்களுக்கு அதே 165-இல் 'ப்ரோ ஸ்டாக்'. அதற்கு மேல் 301 முதல் 400 சிசி வரை. உலக அளவில் மோட்டோ3 என்பது 250 சிசி, மோட்டோ2 என்பது 765 சிசி, மோட்டோஜிபி 1000 சிசி. சில போட்டிகளில் எல்லாருக்கும் ஒரே கம்பெனி வண்டி, ஒரே இன்ஜின். பணக்காரன் பிள்ளை பெரிய வண்டி வாங்கி ஜெயிக்கக் கூடாது, திறமைதான் ஜெயிக்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்.

ஆனால் அந்த நல்ல நோக்கத்திலேயே ஒரு கண்ணி இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே வேகம் என்றால் யாரும் யாரையும் விட்டு விலக முடியாது. முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, பின்னால் வருகிறவன் அந்த மறைவில் ஒட்டிக்கொண்டு வருவான். இருபது வண்டி ஒரே கொத்தாக வளைவில் திரும்பும். ஒருவன் விழுந்தால் பின்னால் வருகிறவனுக்கு ஒதுங்க இடமும் இல்லை, நேரமும் இல்லை. 2021-இல் நாலே மாதத்துக்குள் ஐரோப்பாவில் மூன்று பிள்ளைகள் போனார்கள். ஒருவருக்கு 19 வயது, ஒருவருக்கு 14, ஒருவருக்கு 15. மூவருமே விழுந்த பிறகு பின்னால் வந்த வண்டி மோதி இறந்தவர்கள். மூவரும் ஓட்டியவை சின்ன வண்டிகள்தாம். சின்ன வண்டி என்றால் ஆபத்து குறைவு என்று நினைப்பது தப்புக் கணக்கு.

அதன் பிறகுதான் சர்வதேச சம்மேளனம் விழித்துக்கொண்டது. கிராண்ட் பிரி போட்டிகளுக்கு 2023 முதல் குறைந்தபட்ச வயது 18. இளையோர் போட்டியில் முன்னணிக்கு வந்தவர்களுக்கு மட்டும் 17. அதே 2023-இல், ஆகஸ்ட் 5-ஆம் தேதி, நம் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் பெங்களூருப் பையன் ஒருவன் விழுந்து இறந்தான். புதியவர்களுக்கான பந்தயம். முதல் வரிசையில் நின்று புறப்பட்ட கெட்டிக்காரப் பையன். வயது 13.

என் பேரன் வயது.

"தாத்தா, மார்க்கெஸ் 15 வயசிலேயே உலகப் போட்டிக்கு வந்துட்டார், தெரியுமா?" என்று கேட்டான் பேரன். தெரியும். 2008-இல் வந்தார். "இப்ப விட்டா அப்புறம் பிடிக்க முடியாது" என்றான். அதற்கு நான் ஒரு பிரெஞ்சுக்காரர் கதையைச் சொன்னேன். நீஸ் நகரத்து ஃபேபியோ குவார்த்தராரோ, ஸ்பெயின் இளையோர் போட்டியில் 2013, 2014 இரண்டு வருடமும் சாம்பியன். அப்போது உலகப் போட்டிக்கு வயது 16. இவருக்காகவே விதியைத் தளர்த்தினார்கள் என்று பேசிக்கொண்டார்கள். 2015-இல் 15 வயதிலேயே உள்ளே வந்தார். அவர் முதல் வெற்றி பெற்றது எப்போது? 2018-இல். மூன்று வருடம் ஒரு ஜெயிப்பும் இல்லை. 2021-இல் மோட்டோஜிபி உலக சாம்பியன் ஆனார். முந்தி வந்து அவருக்கு என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"சின்ன வயசில பழகினாத்தான் கை வளையும்" என்ற வாதம் காஞ்சிபுரத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. நம் தறிகளில் இதையேதான் சொன்னோம். தார் சுற்றப் பையன், கோர்வைக்கு நாடா போடப் பையன். பிஞ்சு விரலுக்குத்தான் பட்டு படியும் என்றார்கள். குழிக்குள் உட்கார்ந்து கண்ணும் முதுகும் போன பிள்ளைகளை நம் தெருக்களில் பார்த்திருக்கிறோம். பிறகு சட்டம் வந்தது, சோதனை வந்தது, பையன்கள் பள்ளிக்கூடம் போனார்கள். அதனால் காஞ்சிப் பட்டு அழிந்துவிட்டதா? இல்லை. தறிக்கு இன்று இருக்கும் கஷ்டங்கள் வேறு. 2016-இல் திருத்திய சட்டப்படி 14 வயதுக்குக் கீழ் யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது. ஆனால் அதிலேயே கலைக்கும் விளையாட்டுக்கும் விலக்கு உண்டு.

இன்னொரு சட்டத்தையும் பாருங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு, 18 வயது நிரம்பாத பிள்ளை ரோட்டில் வண்டி ஓட்டிப் பிடிபட்டால், பெற்றவருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. நம் பாலாற்றுப் பாலத்தில் பேரன் ஸ்கூட்டர் ஓட்டினால் என் மகன் குற்றவாளி. அதே பேரன் தடத்துக்குள் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினால் என் மகன் பெருமைக்குரிய தகப்பன். சட்டம் தடத்தின் வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே ஒரு கையெழுத்துதான் சட்டம்.

பந்தயம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூடிய தடத்தில், ஹெல்மெட்டும் தோல் உடுப்பும் போட்டு, ஆம்புலன்ஸ் பக்கத்தில் நிற்க ஓட்டுவது, செய்யாறு ரோட்டில் ராத்திரி பத்து மணிக்கு நம் பையன்கள் போடும் ரேஸைவிட ஆயிரம் மடங்கு மேல். நான் கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று, கூட்டமாகப் புறப்படும் பந்தயத்துக்கு 16 வயது நிரம்ப வேண்டும். அதற்கு முன் தனியாக ஓட்டி, நேரம் பார்த்துப் பழகட்டும். அதிலும் திறமை தெரியும்.

இரண்டு, புதியவர் பந்தயத்தில் வண்டிகளின் எண்ணிக்கையைப் பாதியாக்க வேண்டும். இரண்டு தொகுதியாக ஓடட்டும். செலவு கூடும்தான், கூடட்டும்.

மூன்று, வயதை மட்டும் பார்க்காமல் துறைத் தேர்வு வைக்க வேண்டும். கொடி தெரிகிறதா, விழுந்தால் எப்படி உருள்வது, முன்னால் ஒருவன் விழுந்தால் என்ன செய்வது என்று சோதித்துவிட்டு மேல் பிரிவுக்கு அனுப்பட்டும். நானே துறைத் தேர்வில் இரண்டு முறை தவறியவன். அப்போது கோபம் வந்தது. ஆனால் அதனால் யாரும் சாகவில்லை.

ரோட்டுக்கும் இந்தப் படி வேண்டும். பிரான்சில் 14 வயதில் 50 சிசி, 16-இல் 125 சிசி. 18-இல் நடுத்தர சக்தி வண்டி. இரண்டு வருடம் கழித்து, மறுபடி பயிற்சி எடுத்தால்தான் பெரிய வண்டி. நம் ஊரில் 18 முடிந்து கியர் வண்டி லைசென்ஸ் வாங்கினால், அன்றைக்கே 100 சிசியும் ஓட்டலாம், 1000 சிசியும் ஓட்டலாம். ஒரே அட்டை.

பத்து நாள் முடிந்தது. மகனிடம் சொன்னேன்: "பயிற்சிக்கு அனுப்பு. பந்தயத்துக்கு 16 ஆகட்டும். இந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே." மகன் ஒப்புக்கொண்டான். பேரன்தான் மூன்று வாரமாக என்னிடம் பேசவில்லை. மோட்டோஜிபி இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவன், இப்போது உள் அறையில் செல்போனில் பார்க்கிறான். சத்தம் மட்டும் கேட்கிறது.

உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு தாள் வரலாம். பையன் முகத்தைப் பார்க்கும் முன்னால், தாளைக் கடைசி வரி வரைக்கும் ஒருமுறை படித்துவிடுங்கள்.