சகேயு காட்டிய கணக்கு

பண ஆசை பாவமென்று சங்ககிரி சேரிக்கு வந்து பிரசங்கம் பண்ணுகிறார்கள். லாரிப் பட்டறையில் கூலிக்கு நிற்பவனிடம் ஏது பணம்? லாரி முதலாளிகிட்டப் போய்ச் சொல்லுங்கய்யா!

சகேயு என்ன செய்தான்? பாதிச் சொத்து ஏழைகளுக்கு. ஏமாற்றிப் பிடுங்கியதற்கு நாலு மடங்கு. தர்மம் வேறு, திருப்பித் தருவது வேறு.

செங்கல்பட்டு ஜில்லாவில் ஆதாம் ஆண்ட்ரூ, கௌடி போன்ற மிஷனரிகள் பறையருக்கு நிலம் கேட்டு நின்றார்கள். 1891இல் கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கை; 1892இல் பஞ்சமி நில ஆணை. வறுமையை அவர்கள் புண்ணியமாக்கவில்லை.

1950 ஆணை பட்டியல் உரிமையை மதத்தோடு முடிச்சுப் போட்டது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அவிழ்ந்த முடிச்சு தலித் கிறித்தவனுக்கு இன்னும் அவிழவில்லை. சரி, அது அரசு. சபையின் நிலத்திலும் பள்ளியிலும் கல்லூரியிலும் நம் பங்கு எங்கே? பரலோகம் அப்புறம். முதலில் கணக்கைக் காட்டுங்கள்.