சாட்சியை விசாரியாத தீர்ப்பு

கற்பிட்டி மணலில் கிணறும் மலக்குழியும் அருகருகே அமைந்த வளவுகள் பல. அங்கே குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டால், "சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்று நாமே தீர்ப்பளித்து, அன்ரிபயோட்டிக் மருந்தையும் தேடி ஓடுகிறோம். சாட்சியை விசாரியாமல் தீர்ப்பளிக்க எந்த நீதிமன்றம் துணியும்?

இவ்வழக்கின் சாட்சி மலமாதிரியே. 1972இல் இனங்காணப்பட்ட நோரோ வைரசையும் 1973இல் கண்டறியப்பட்ட றோட்டா வைரசையும் அன்ரிபயோட்டிக் மருந்து அழிக்காது. சாதாரண நுணுக்குக்காட்டியும் காட்டாது. தக்க ஆய்வுகூடச் சோதனையே காட்டும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ககன்தீப் காங் குழுவினர் குழந்தைகளின் மலமாதிரிகளைச் சோதித்துச் சான்று திரட்டினர். 2016இல் இந்தியா றோட்டாத் தடுப்பு மருந்தைத் தேசியத் திட்டத்திற் சேர்த்ததற்கு இத்தகைய சான்றுகளே துணைநின்றன.

எனவே நாம் கேட்பது இரண்டு. ஓர் ஊரில் வயிற்றோட்டம் பரவினால், மாதிரிகள் குளிரூட்டப்பட்டுக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு உடன் அனுப்பப்படல் வேண்டும். முடிவு அவ்வூர் மக்களுக்குத் தமிழில் அறிவிக்கப்படல் வேண்டும். தமிழும் ஆட்சிமொழி என்று 1987இன் 13ஆம் திருத்தம் கூறுகிறதன்றோ? கிணற்றைத் திருத்துவதா, தடுப்பு மருந்து கோருவதா என்பது அதன் பின்பே தெளியும்.

முடிவு வரும்வரை குழந்தை காத்திராது. ஜீவனிக் கரைசலைத் தாமதமின்றிப் பருக்குங்கள். சோர்ந்தால் வைத்தியசாலைக்கு விரையுங்கள்.